கால்ல பலம் இருக்கு, ஆனா தாவல் வரல – தசையும் மூட்டும் எப்படித்தான் வேலை செய்யுது?

#1 வலையோரம்

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். கொஞ்ச நாளாக ஒரு விஷயம் மனசைப் போட்டு அரித்துக்கொண்டே இருக்கிறது.

என்னிடம் இரண்டு பெண்கள். ஒருத்தி 80 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவாள். இன்னொருத்திக்கு 50 கிலோவே திணறல். இருவருக்கும் உயரமும் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுவரில் சுண்ணாம்புக் கையால் அடிக்கச் சொல்லித் தாவல் அளந்தேன். திணறுகிறவள் 6 சென்டிமீட்டர் கூடுதலாக எட்டுகிறாள். மூன்று நாள், நாளுக்கு ஐந்து முறை அளந்தும் அதே கதைதான்.

செல்போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பலசாலிப் பெண் நிதானமாக முழங்காலை மடக்குகிறாள், அடியில் ஒரு கணம் நிற்கிறாள், பிறகு எழும்புகிறாள். மற்றவள் சடாரென்று தாழ்ந்து, தாழ்ந்த வேகத்திலேயே திரும்பிவிடுகிறாள்.

"காலில் பலம் ஏற்று, உயரம் தானா வரும்" என்று அவளை மூன்று மாதம் எடை தூக்கவைத்தது நான்தான். எடை ஏறியது, தாவல் ஏறவில்லை. நம்பி உழைத்த பிள்ளை, எனக்கு உறுத்துகிறது. எந்தப் பயிற்சி கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

#2 ஓட்டக்காரன்

சார், தசையை எலும்போட இணைக்கற தசைநாண் ரப்பர் மாதிரி. சடார்னு தாழ்ந்தா இழுபடும், உடனே எழும்பினா அது திருப்பித் தரும். அடியில நின்னா அந்த இழுவை வீணாப் போயிடும். அவ்வளவுதான் விஷயம்னு நினைக்கிறேன்.

#3 நெம்புகோல்

நான் இயற்பியல் ஆசிரியர். அடிப்படையிலிருந்து தொடங்க அனுமதியுங்கள். இதில் பல குழப்பங்களுக்கு வேர் ஒன்றுதான்: தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். தள்ளத் தெரியாது. எந்த அசைவாக இருந்தாலும் எங்கோ ஒரு தசை சுருங்கி, நாண் வழியாக எலும்பை இழுக்கிறது. எலும்பு மூட்டைச் சுற்றித் திரும்புகிறது. உடம்பில் நேர்கோட்டு இயந்திரம் கிடையாது, எல்லாம் திருப்பம்தான். தாவலில் உடல் நேராக மேலே போவதுகூட இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்ற மூன்று திருப்பங்களின் கூட்டுவிளைவு.

முழங்கையை 90 பாகையில் மடக்கி, கையில் 5 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். எடை மூட்டிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மேற்கையின் முன்பக்கத்து இருதலைத் தசை எலும்பைப் பிடித்திருக்கும் இடமோ மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர்தான். கணக்குப் போட்டால், 5 கிலோவைத் தாங்க அந்தத் தசை 35 கிலோ எடைக்கு நிகரான விசையில் இழுக்க வேண்டும். முன்கையின் சொந்த எடையைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

நட்ட வியாபாரம் போலத் தோன்றும். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகர்கிறது. உடல் விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறது. எறிதல், உதைத்தல், அடித்தல் எல்லாம் இந்த வியாபாரத்தில் கிடைத்தவை.

அடுத்து, தசைக்கே உரிய ஒரு குணம். அது வேகமாகச் சுருங்கச் சுருங்க, அதனால் கொடுக்கக்கூடிய விசை குறையும். உடலியல் ஆய்வாளர் ஏ.வி. ஹில் 1938இல் தவளைத் தசையை வைத்து இதை அளந்து சமன்பாடாகவே எழுதினார். காரணம் 1954க்குப் பிறகு தெளிவானது. தசைக்குள் மயோசின், ஆக்டின் என்று இரண்டு வகைப் புரத இழைகள் உண்டு. மயோசின் இழைகளின் தலைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு வேகமாக ஓடினால் ஒரே நேரத்தில் பிடியில் இருக்கும் கைகள் குறைவு. (இந்த இழைநழுவல் விளக்கத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்து ஒரே இதழில் வெளியிட்டன. இரண்டு குழுவிலும் ஹக்ஸ்லி என்ற பெயருடைய ஒருவர் இருந்தார். இருவரும் உறவினர் அல்லர்.)

ஆக, 80 கிலோவோடு மெதுவாக எழுகிற பலமும், வெறும் உடலை மூன்றில் ஒரு பங்கு வினாடியில் வீசி எழுப்புகிற பலமும் ஒன்றல்ல. உங்கள் மாணவிக்கு முதலாவது இருக்கிறது.

#4 புதுசு

ஐயா, ஒரு சின்ன சந்தேகம். தசை தள்ளாதுன்னா நான் சுவரைத் தள்றேனே, அது எப்படி?

#5 நெம்புகோல்

நல்ல கேள்வி. இப்போதே செய்து பாருங்கள் தம்பி. முஷ்டியை மேசைமேல் வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். மறு கையால் மேற்கையின் பின்பக்கத்தைத் தொடுங்கள், கல்லாக இருக்கும். முன்பக்கம் தளர்வாக இருக்கும். பின்னாலிருக்கும் முத்தலைத் தசை முழங்கை முனையை மேல்நோக்கி இழுக்கிறது, அதனால் முன்கை கீழே போகிறது. கிணற்று ஏற்றத்தில் ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தாழ்வது போல. உள்ளே நடப்பது இழுப்பு, வெளியே நமக்குத் தெரிவது தள்ளல். ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிராகத் தசைகள் இருக்க வேண்டியதற்கும் இதுவே காரணம். மடக்கிய தசையால் தானே நீட்ட முடியாது.

#6 நாணும்_மூட்டும்

நான் இயன்முறை மருத்துவர், பெரும்பாலும் விளையாட்டுப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன். #2 தம்பி சொன்னதில் உண்மை இருக்கு. ஆனா நின்ற இடத்திலிருந்து எழும்புற தாவலுக்கு முதல் காரணம் ரப்பர் இல்லை. நேரம்.

இப்படிச் செஞ்சு பாருங்க. ஆள்காட்டி விரலைக் காற்றில் அப்படியே விசுக்குன்னு நீட்டி ஒரு காகித உருண்டையைத் தட்டுங்க. கொஞ்ச தூரம் போகும். இப்போ அதே விரலைக் கட்டைவிரலால் பிடிச்சு நிறுத்தி, உள்ளே அழுத்தம் ஏறவிட்டு, சுண்டுங்க. பறக்கும். விரல் அதே, தசையும் அதே. என்ன மாறிச்சு? முதல் முறை அசைவும் விசையும் ஒண்ணா கிளம்புது. விசை ஏறி முடியறதுக்குள்ள விரல் நீண்டு முடிஞ்சிடுது. இரண்டாவது முறை கட்டைவிரல் தடுத்துப் பிடிச்சதால, கிளம்புறதுக்கு முன்னாடியே தசை முழு விசைக்கு வந்திடுது.

மூளை "இழு"ன்னு சொன்னதும் தசை முழு விசைக்கு வர கால் வினாடிக்கு மேல ஆகும். தாவலில் எழும்புற பகுதியே ஏறத்தாழ 0.3 வினாடிதான். உங்க பலசாலிப் பெண் அடியில நிக்கும்போது அவ கால் சுமக்கறது அவ உடல் எடையை மட்டும்தான். அங்கிருந்து விசையை ஏத்திக்கிட்டே எழும்பணும். விசை உச்சிக்கு வரும்போது முழங்கால் பாதி நீண்டாச்சு. மற்ற பெண் சடார்னு விழறா. விழற உடம்பை நிறுத்தறதுக்காகவே கால் தசை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விசை கொடுத்தாகணும். அப்போ அடிமட்டத்துல அவ தசை ஏற்கெனவே முழுசா விழிச்சிருக்கு. சுண்டறப்போ கட்டைவிரல் செய்யறதை, இங்க அவ விழற வேகம் செய்யுது.

நாண் திருப்பித் தர்றதும் கூடவே இருக்கு. ஆனா அது நிஜமாவே பெரிய பங்கு வகிக்கிறது ஓட்டத்துல. 70 கிலோ ஆள் மிதமான வேகத்துல ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் சுமார் 100 ஜூல் ஆற்றல் போய்த் திரும்பணும். அதுல 35 ஜூல் அளவு குதிகால் நாணும், 17 ஜூல் அளவு பாத வளைவும் சேமிச்சுத் திருப்பித் தருதுன்னு 1987லேயே கணக்குப் போட்டிருக்காங்க. பாதிக்கு மேல வில் வேலை!

#7 ஓட்டக்காரன்

அக்கா, இந்த சுண்டற உதாரணம் பிரமாதம். இத்தனை வருஷமா ரப்பர்னே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், இனிமே திருத்திக்கிறேன்.

எனக்கும் ஒண்ணு கேக்கணும். நான் 200 மீட்டர். போன வருஷம் வளைவு முடிஞ்சு நேர்ப்பாதைக்கு வர்ற இடத்துல தொடைப் பின்புறம் டப்புனு ஒரு சத்தம். யாரோ கல்லால அடிச்ச மாதிரி. நல்லா ஞாபகம் இருக்கு, அப்போ அந்தக் கால் தரையிலயே இல்ல. முன்னாடி வீசிக்கிட்டு இருந்துச்சு. அப்போ எனக்குப் பயிற்சி கொடுத்தவர் "தரையை உதைக்கற பலம் பத்தல"னு சொல்லி முன்தொடைக்கே வேலை கொடுத்தாரு. எட்டு வாரம் கழிச்சு மறுபடி அதே இடம். காத்துல இருக்கற காலுக்கு என்ன பாரம்? ஏன் கிழியணும்?

#8 நாணும்_மூட்டும்

தம்பி, இரண்டு தடவை பட்டது கேட்கவே கஷ்டமா இருக்கு. நீங்க கவனிச்சது ரொம்பச் சரி. வேகமா ஓடும்போது ஹாம்ஸ்ட்ரிங், அதாவது பின்தொடைத் தசை, கிழியறது பெரும்பாலும் நடக்கிற கட்டமே அதுதான், பாதம் தரையைத் தொடறதுக்குச் சற்று முன்னாடி.

தசைன்னாலே சுருங்கறதுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. தசைக்கு மூணு வேலை. சுருங்கி இழுக்கும், நீளம் மாறாமப் பிடிக்கும், நீண்டுகிட்டே பிடிக்கும். கிணத்துல குடத்தை இறக்கும்போது கயிறு கையை விட்டுப் போய்க்கிட்டே இருக்கும், ஆனா பிடி இருக்கும் இல்லையா, அதுதான் மூணாவது. அதிக விசை தாங்கறதும் இந்த வேலையில்தான், அதிகம் கிழியறதும் இதில்தான்.

உங்க கால் முன்னாடி வீசும்போது முழங்காலுக்குக் கீழ இருக்கற பகுதி சாட்டை நுனி மாதிரி பறந்து வருது. அதை யாராவது நிறுத்தலைன்னா முழங்கால் எதிர்ப்பக்கம் மடங்கிடும். நிறுத்தறது ஹாம்ஸ்ட்ரிங். அதுவும் ஒரு மூட்டைத் தாண்டற தசை இல்லை, இடுப்பையும் முழங்காலையும் சேர்த்துத் தாண்டுது. அந்தக் கணத்துல இடுப்பு மடங்கியிருக்கு, முழங்கால் நீளுது. இரண்டு முனையிலும் இழுபடற நிலையில பிரேக் பிடிக்கச் சொன்னா? பாரம் தரையில இருந்து வரலை, உங்க சொந்தக் கால் வேகத்துல இருந்து வருது. முன்தொடையை மட்டும் பலப்படுத்தினா கால் இன்னும் வேகமா வீசும், பிரேக் பழையபடியே இருக்கும்.

மண்டியிட்டு, கணுக்காலை ஒருத்தர் அமுக்கிப் பிடிக்க, உடம்பை நேரா வச்சு முன்னாடி மெதுவாச் சாயற 'நார்டிக்' பயிற்சி இதுக்காகவே இருக்கு. நீண்டுகிட்டே பிடிக்கிறதைப் பழக்கும். முதல் வாரம் இரண்டாம் நாள் பின்தொடை கடுமையா வலிக்கும், பயப்பட வேண்டாம். பலபேர் நினைக்கற மாதிரி அது உழைக்கும்போது தசையில சேர்ற லாக்டிக் அமிலமும் (லாக்டேட்) இல்லை. அந்த லாக்டேட் எல்லாம் பயிற்சி முடிஞ்ச ஒரு மணி நேரம் போலத்துலயே வடிஞ்சிடும். நீண்டு வேலை செஞ்ச இழைகள்ல ஏற்படற நுண்ணிய சேதமும் அது ஆறறதும்தான் அந்த வலி. கொஞ்சமா தொடங்கி, ஒவ்வொரு வாரமா ஏத்துங்க. ஆனா இரண்டு முறை கிழிஞ்சதால முதல்ல நேர்ல ஒருத்தர்கிட்ட காட்டிட்டுத் தொடங்குங்க.

#9 எறிவேல்

ஈட்டி எறியற ஆள் நான். பிரேக்குன்னு அவங்க சொன்னதுல எங்க ஆட்டமே அடங்கியிருக்கு.

பார்க்கறவங்க கை எறியுதுன்னு நினைப்பாங்க. ஓடி வந்து கடைசி அடியில முன்கால் நேரா, கம்பம் மாதிரி ஊன்றும். அந்தக் கால் மடங்கிக் குழைஞ்சா எறி செத்துச்சு. மடங்காம நின்னா இடுப்பு சட்டுனு நிக்கும். இடுப்பு நின்னதும் அதோட வேகம் மேல ஏறி உடற்பகுதி சுழலும். உடற்பகுதி வேகம் குறையும்போது தோள். தோளுக்கப்புறம் முழங்கை, மணிக்கட்டு. ஒவ்வொண்ணும் நிக்கறதுனாலதான் அடுத்தது பறக்குது. சாட்டையோட பிடியைச் சட்டுனு நிறுத்தினாத்தானே நுனி வெடிக்கும்.

பேஸ்பால் எறிபவர்களோட மேற்கை தன் அச்சுல சுழலற வேகம் வினாடிக்கு 7,000 பாகை வரை அளந்திருக்காங்க. தோள் தசை மட்டும் சுருங்கி அந்த வேகத்தைத் தர முடியாது, நெம்புகோல் ஐயா சொன்ன ஹில் கணக்கே அனுமதிக்காது. உடம்பு முன்னால போகும்போது கை பின்தங்கி, தோளைச் சுத்தியிருக்கற நாணும் நாரும் முறுக்கேறி நிக்குது, அது அவிழற வேகம் அது.

விட்ட பிறகு அந்தக் கையை நிறுத்தறது யாரு? தோளுக்குப் பின்னால இருக்கற சின்னச் சின்ன தசைங்க. இடுப்பு மூட்டுல பந்து ஆழமான கிண்ணத்துல உட்கார்ந்திருக்கு. தோள்ல அது சின்னத் தட்டுல வச்ச பெரிய பந்து, எல்லாப் பக்கமும் திரும்பும், எல்லாப் பக்கமும் நழுவும். நாலு தசை சுத்தி நின்னு பிடிச்சு வச்சிருக்கு. எறியறவங்க பலபேர் அந்த நாலைக் கண்டுக்கறதே இல்ல. எனக்கு 19 வயசுல தோள் போனதே அதுலதான். ஆறு மாசம் ஈட்டியைத் தொடல.

#10 புதுசு

அப்போ கிரிக்கெட்டுல கையை மடக்கிப் போட்டா 'எறி'னு சொல்றதும் இதனாலதானா?

#11 எறிவேல்

மடக்கிப் போடறது தப்பு இல்ல தம்பி, மடங்கின கையை நீட்டறதுதான் தப்பு. மேற்கை தோள் மட்டத்துக்கு வந்ததுல இருந்து பந்து கையை விட்டுப் போற வரைக்கும் முழங்கை 15 பாகைக்கு மேல நீளக்கூடாது. 2005ல இருந்து ஐசிசி விதி அது. பிறவியிலேயே கை முழுசா நீளாத ஒருத்தர் மடங்கின கையோடவே போட்டா, கோணம் மாறாத வரைக்கும் அது சரியான பந்துவீச்சு. வெறும் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியறது கஷ்டம், அதனாலதான் கேமரா வச்சு ஆய்வகத்துல அளக்கறாங்க.

#12 இரும்புத்தட்டு

நான் எடை தூக்குகிறவன். #3, #6 இரண்டையும் படித்துவிட்டு யாராவது "எடைப் பயிற்சி வீண்" என்று முடிவெடுத்தால் அது பெரிய தவறு. ஒரு தசை எவ்வளவு இழுக்க முடியும் என்ற கூரையை உயர்த்துவது எடைதான். அந்தப் பெண்ணின் மூன்று மாதம் வீணாகவில்லை, வங்கியில் இருக்கிறது. அவளுக்கு எடுத்துச் செலவழிக்கக் கற்றுத்தரவில்லை, அவ்வளவே.

பயிற்சியாளர் ஐயாவிடம் இன்னொன்று. அவள் எடையோடு உட்காரும்போது மெதுவாக எழுகிறாளா, எழும்போது முழு வேகத்தோடு எழ முயல்கிறாளா? எடை கனமாக இருந்தால் அது மெதுவாகத்தான் நகரும், ஆனால் நகர்த்துகிறவரின் எண்ணம் வேகமாக இருக்க வேண்டும். நான் பார்த்தவரை இந்த ஒரு மாற்றமே பலருக்குப் பலன் தந்திருக்கிறது.

#13 வலையோரம்

இரும்புத்தட்டு ஐயா, நான்தான் "மெதுவா, நிதானமா" என்று எண்ணிக்கொண்டே எழவைத்தேன். அடிபடக்கூடாதே என்ற பயம். தாவும்போதும் அவள் அதே நிதானத்தைக் கடைப்பிடிக்கிறாள் என்று இப்போதுதான் புரிகிறது. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள்.

#14 நெம்புகோல்

இன்னொரு சங்கதி விட்டுப்போனது. எழும்பும்போது இடுப்பு முதலில், பிறகு முழங்கால், கடைசியில் கணுக்கால் என்ற வரிசையில் நீள்கின்றன. கெண்டைக்கால் தசையின் மேல்முனை முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில், கீழ்முனை குதிகாலில். முழங்கால் நீளும்போது அந்தத் தசை தன் நீளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும், கயிறு கட்டி இழுத்தது போலக் குதிகால் மேலே வரும். தொடையின் பெரிய தசைகள் உண்டாக்கிய ஆற்றல் அப்படிக் கணுக்காலுக்கு இறங்குகிறது.

இதைப் புரிந்துகொண்டதால் ஒரு விளையாட்டே மாறியது. பனிச்சறுக்கு விரைவோட்டத்தில், அதாவது அடியில் கத்தி போன்ற தகடு வைத்த காலணியோடு பனிக்கட்டித் தளத்தில் சறுக்கிப் போகும் பந்தயத்தில், பழைய காலணியில் கத்தி முழுவதும் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். குதிகாலைத் தூக்கினால் கத்தி முனை பனியில் குத்தும். ஆகவே வீரர்கள் கணுக்காலை நீட்டாமல், முழங்காலும் முழுதாக நீளும் முன்பே உதைப்பை முடிக்க வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாமில் தசை இயக்கத்தை ஆராய்ந்தவர்கள் முன்பகுதியில் கீல் வைத்து, குதிகால் பக்கம் கத்தியிலிருந்து பிரியும்படி செய்தார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்கில் அந்தக் காலணியோடு உலகச் சாதனைகள் வரிசையாக உடைந்தன. வீரர்களின் தசை மாறவில்லை, கடைசி மூட்டுக்கு வழிவிட்டார்கள்.

உங்கள் மாணவி எழும்பும் கடைசிக் கணத்தில் கணுக்கால் முழுதாக நீள்கிறதா என்று படத்தில் பாருங்கள்.

#15 நாணும்_மூட்டும்

வலையோரம் சார், உயரம் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். இறங்கறதைப் பாருங்க. இரண்டு பேருக்கும்.

யாரும் மோதாமலே, தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிஞ்சு ஏசிஎல் (முழங்காலுக்குள்ள எலும்புகளை இணைச்சுப் பிடிக்கற ஒரு நார்) அறுந்து வர்ற பெண் பிள்ளைங்களை நிறையப் பார்க்கிறேன். இப்படி அறுந்த காட்சிகளோட வீடியோவை வச்சு ஆராய்ஞ்சப்போ, பாதம் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லிவினாடிக்குள்ள அது நடந்துடுதுன்னு தெரிய வந்திருக்கு. கால் சரியுதுன்னு மூளைக்குத் தெரிஞ்சு தசை வந்து காப்பாத்த நேரமே கிடையாது. அதனால தசை காத்துல இருக்கும்போதே தயாரா இறுகியிருக்கணும். இதைப் பழக்கத்தாலதான் கொண்டுவர முடியும்.

முழங்கால் கீல் மூட்டுன்னு படிச்சிருப்போம். முழுக்க அப்படி இல்லை, கடைசியா நீளும்போது கீழெலும்பு கொஞ்சம் வெளிப்பக்கம் திருகிப் பூட்டிக்கும். அதனால விறைச்ச காலோட இறங்கவிடாதீங்க. மடங்கின முழங்கால், மடங்கின இடுப்பு, முழங்கால் கால்விரல் நோக்கிய திசையில, சத்தம் குறைவா. சத்தம் வந்தா தசை செய்ய வேண்டிய வேலையை எலும்பும் குருத்தெலும்பும் செய்யுதுன்னு அர்த்தம்.

#16 வலையோரம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லத்தான் முதலில் வந்தேன்.

காகித உருண்டையை இரண்டு பிள்ளைகளையும் சுண்டவைத்தேன். பலசாலிப் பெண் ஐந்தாறு முறை சுண்டிவிட்டு, "அப்போ நான் கட்டைவிரல் இல்லாமத் தாவுறேனா சார்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் பேசியிருந்தாலும் என்னால் அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க முடியாது. எடையைக் குறைக்கவில்லை, எழும் வேகத்தை மட்டும் மாற்றினோம். கூடவே அடியில் நிற்காத தாவல், நாளுக்கு 20, அதற்கு மேல் இல்லை. நெம்புகோல் ஐயா சொன்னபடி படத்தைப் பார்த்தால், கணுக்கால் நீள்கிறது, ஆனால் கைகளை வீசவே இல்லை. வீசச் சொன்னேன். நேற்று அளந்ததில் பழைய உயரத்தைவிட 5 சென்டிமீட்டர் கூடுதல். சிரித்துக்கொண்டே சுண்ணாம்புக் கையை என் சட்டையில் துடைத்துவிட்டுப் போனாள்.

ஆனால் மேடம், நீங்கள் சொன்னபடி முன்னாலிருந்து படம் எடுத்தேன். உயரமாகத் தாவுகிறாளே அந்த இன்னொரு பெண், இறங்கும்போது அவளுடைய இடது முழங்கால் உள்பக்கம் சரிகிறது. பத்தில் ஏழு முறை. வலி எதுவும் இல்லை என்கிறாள். இத்தனை நாள் அவளுடைய உயரத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்திருந்தேன். இப்போதைக்கு அவளுக்குத் தாவலை நிறுத்திவைத்திருக்கிறேன். சரிதானே?

#17 நாணும்_மூட்டும்

சரியான முடிவு சார். முழங்கால் சரிஞ்சாலும் பலவீனம் பல சமயம் இடுப்புப் பக்கவாட்டுத் தசையில இருக்கும். நாளைக்கு இடது காலில் மட்டும் நிக்கச் சொல்லி, பின்னாலிருந்து அவ இடுப்பைப் பாருங்க. வலது பக்கம் கீழ தாழுதான்னு கவனிங்க. அப்புறம் அதே ஒத்தைக்கால்ல கொஞ்சமா உட்காரச் சொல்லி முன்னாலிருந்து படம் எடுங்க. இரண்டையும் எழுதுங்க, அதைப் பார்த்துட்டு எங்கிருந்து தொடங்கலாம்னு சொல்றேன்.